தனியா போறப்ப பக்கத்து சீட்டுல யாரு?

போன மாசம் "தனியா ஊர் சுத்தறப்ப முன்ன பின்ன தெரியாதவங்களோட நடந்தது எதுவா இருந்தாலும் எழுதுங்க, சந்தேகம் இருந்தா கேளுங்க"ன்னு சொல்லியிருந்தேன். வந்து குமிஞ்சிருச்சு. பாதி பேர் "பேர் போட்றாதீங்க"ன்னு கேட்டிருக்கீங்க, அதனால யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு, ஐ.டி.யில வேல. மொத தடவையா தனியா ஹம்பி போறேன். "தனியா போனாதான் புதுப்புது ஆளுங்கள பாக்கலாம்"னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஏத்தி விடறாங்க. ஆனா நான் லிஃப்ட்ல கூட யார்கிட்டயும் வாய் தெறக்காத ஆளு. எப்டி பேச்ச ஆரம்பிக்கறது? (கோவை)

பதில்: பேச்ச ஆரம்பிக்கணும்னு மனசுல எழுதி வெச்சுக்கிட்டு போனா ஒண்ணும் வராதும்மா. எதாவது சின்னதா ஒரு உதவி கேளு, போதும். "இந்த பைய ஒரு நிமிஷம் பாத்துக்கறீங்களா, தண்ணி புடிச்சுட்டு வந்துடறேன்", "இந்த வண்டி ஹொஸபேட்டேல எந்த பிளாட்பாரம் வரும்", "அந்த சட்னி காரமா இருக்கா", இந்த அளவுக்கு இருந்தா சரி. கூட்டமா போனா எல்லாத்துக்கும் நம்ம ஆளே கூட இருப்பாங்க, யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டியிருக்காது, அதனாலேயே யாரும் நம்மகிட்ட வரவும் மாட்டாங்க. தனியா போனா பாத்ரூம் போறதுக்குகூட ஒருத்தர நம்பி பைய விட்டுட்டுதான் போகணும், என் அனுபவத்துல பாதி பழக்கம் அந்த பையிலேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்கு. பை பாத்துக்கிட்டவங்க அப்புறம் நம்மள விட மாட்டாங்க, சாப்டியா, எங்க எறங்கணும், யார் வருவாங்கன்னு நம்ம சித்தி ஆயிருவாங்க.

நீ நெனைக்கற கூச்சம் உனக்கு மட்டும் இல்ல. சிகாகோ யூனிவர்சிட்டிகாரங்க, நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர்னு ரெண்டு பேரு, தெனமும் வேலைக்கு ரயில்ல போறவங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2014ல வெளிவந்துச்சு. ஒரு குரூப்ப பக்கத்துல உக்காந்திருக்கறவங்ககிட்ட பேச சொன்னாங்க, இன்னொரு குரூப்ப பேசாம உக்கார சொன்னாங்க, மூணாவது குரூப் வழக்கம்போல. பேசினவங்களுக்குதான் பயணம் நல்லா இருந்துச்சாம். இதுல வேடிக்க என்னன்னா, "பேசினா எப்டி இருக்கும்"னு வேற சிலர்கிட்ட சும்மா கேட்டப்ப, பேசாம போறதுதான் நல்லா இருக்கும்னு அடிச்சு சொல்லியிருக்காங்க. எல்லாரும் எதிர்ல இருக்கறவனுக்கு பேச புடிக்காதுன்னு நெனச்சுக்கிட்டு வாய மூடிட்டு போறோம், எதிர்ல இருக்கறவனும் அதையே நெனச்சுட்டு உக்காந்திருக்கான்.

முன்னாடி இதுக்கு நம்ம ஊர்ல பேப்பர் இருந்துச்சு. ஒருத்தர் ஸ்டேஷன்ல தினசரி ஒண்ணு வாங்கினா போதும், அரக்கோணம் வர்றதுக்குள்ள அது தனித்தனி தாளா பிரிஞ்சு, விளையாட்டு பக்கம் அப்பர் பெர்த்துக்கு, சினிமா பக்கம் சைடு லோயருக்குன்னு கோச் முழுக்க சுத்திட்டு கசங்கிப்போயி ஓனர்கிட்ட திரும்பி வரும், அதுக்குள்ள நாலு பேரு பழகியிருப்பாங்க. 2016ல ஜியோ வந்து டேட்டா மலிஞ்சதுக்கு அப்புறம் எல்லாரும் அவங்கவங்க செல்லுக்குள்ள தலைய விட்டுக்கிட்டாங்க. இப்ப அந்த எடத்துக்கு வந்திருக்கறது சார்ஜர். சார்ஜர் எக்ஸ்ட்ரா ஒண்ணு எடுத்துட்டு போ.

ஹம்பியில உனக்கு கஷ்டமே இருக்காது. துங்கபத்ரால பரிசல்ல அந்தப் பக்கம் ஆனேகுந்திக்கு போறதுன்னா பரிசல்காரர் பெரும்பாலும் ஆள் சேர்ற வரைக்கும் கெளப்ப மாட்டாரு, கரையில நின்னு "அந்தப் பக்கம் வர்றீங்களா"ன்னு நீயே ஆள் புடிக்கணும். மாதங்க மலையில விடிகாலைல ஏறினா சூரியன் வர்ற வரைக்கும் வேற வேலையும் கெடையாது, பக்கத்துல பாறையில உக்காந்திருக்கறவங்களுக்கும் கெடையாது. அப்புறம் ஒண்ணு, கைக்கு வேல இருக்கற எடத்துல கூச்சம் தானா போயிரும். அடுத்த தடவ அமிர்தசரஸ் போனா பொற்கோயில்ல எல்லாருக்கும் சாப்பாடு போடற லங்கர்ல போயி பூண்டு உரிக்கறவங்களோட உக்காந்துக்கோ. யாரு வேணா உக்காரலாம், யாரும் உன்ன யாருன்னு கேக்க மாட்டாங்க, குவியல் குவியலா பூண்டு கெடக்கும். நான் உக்காந்தப்ப பக்கத்துல ஒரு பஞ்சாபி பாட்டி, நான் நகத்தால நோண்டறத பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம என் கையிலேர்ந்து புடுங்கி, பல்ல ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு தேச்சு தோல ஊதி விட்டு காமிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பாஷைல பேசிட்டிருந்தோம்.

கேள்வி: ஆர்.ஏ.சி.ல பாதி சீட்டு. மீதி பாதியில உக்காந்தவரு ராத்திரி 1 மணி வரைக்கும் ஷேர் மார்க்கெட் பத்தி பேசிட்டே வந்தாரு. மனசு நோகாம தப்பிக்க வழி சொல்லுங்க. (சேலம்)

பதில்: ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் தூங்கற நேரம்னு ரயில்வேயே சொல்லியிருக்கு, மிடில் பெர்த் போடற கணக்கும் அதுதான். 10 மணி அடிச்சதும் "சார், லைட்ட அணைக்கட்டுமா"ன்னு கேளுங்க. அதுக்கும் அசரலன்னா அவரோட போர்ட்ஃபோலியோவ காட்ட சொல்லுங்க, அதோட தூங்கிருவாரு.

கேள்வி: எனக்கு தமிழ் விட்டா அரைகுறை இங்கிலீஷ். ஹிந்தி சுத்தமா வராது. வடக்க, வடகிழக்க எல்லாம் தனியா போகணும்னு ரொம்ப ஆச, ஆனா ஒரு ஆள்கிட்டயும் பேச முடியாம ஊமையா சுத்திட்டு வர்றதுக்கா அவ்ளோ செலவு பண்ணிட்டு போகணும்னு தோணுது. (திருநெல்வேலி)

பதில்: உங்க ஊர்லேர்ந்து நாகர்கோவில் வந்தா கன்னியாகுமரி - திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் புடிக்கலாம். 2011ல விட்ட வண்டி, 4,000 கிலோமீட்டருக்கு மேல, ஒம்பது மாநிலம், நடுவுல மூணு ராத்திரி, இந்தியாவுலேயே ரொம்ப தூரம் போற ரயில் அதுதான். நான் அதுல ஒரு ஏப்ரல் மாசம் கோயம்புத்தூர்ல ஏறி குவாஹாட்டி வரைக்கும் போனேன், எனக்கும் ஹிந்தி "கித்னா"வோட சரி.

கோச் முழுக்க அஸ்ஸாம், பெங்கால் பசங்க. பெரும்பாவூர்ல ப்ளைவுட் கம்பெனில வேல பாக்கறவங்க, கோயம்புத்தூர் ஃபவுண்டரில பாக்கறவங்க, எல்லாம் பிஹு பண்டிகைக்கு ஊருக்கு போறாங்க, சீட்டுக்கு அடியில கால் வெக்க எடமில்லாம மிக்ஸி டப்பா, குக்கர், டேபிள் ஃபேன். நமக்கு யாருமே பாஷை தெரியாதவங்கன்னு நெனச்சுட்டு ஜன்னல பாத்துட்டு உக்காந்திருக்கேன், எதிர் சீட்டு பையன் "ஏனுங்க்கா, சார்ஜர் வெச்சிருக்கீங்ளா"ங்கறான். திருப்பூர்ல ஓவர்லாக் மெஷின் ஓட்டறவனாம். நம்ம டிவில பேசற தமிழ விட அவன் கொங்கு தமிழ் சுத்தமா இருந்துச்சு.

அவன் ஊரு மாஜுலி. பிரம்மபுத்திரா நடுவுல இருக்கற தீவு, ஆத்து தீவுலயே உலகத்துல பெருசுன்னு சொல்லுவாங்க, 2016ல தனி மாவட்டமாவே ஆக்கினாங்க, ஆனா வருஷா வருஷம் ஆறு கரைய அரிச்சு அரிச்சு தீவு சுருங்கிட்டே வருது. அவங்க வீடு இப்ப இருக்கறது மூணாவது எடமாம், மொத ரெண்டும் தண்ணிக்குள்ள. அப்பாவுக்கு வயல் இருந்துச்சு, இப்ப இல்ல, அதான் இவன் திருப்பூர்ல இருக்கான். இத அவன் சோகமாவும் சொல்லல, நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட மாத்திட்டாங்கன்னு சொல்வோம்ல அப்டி சொன்னான். அடுத்த நாள் கோதாவரி பாலத்து மேல வண்டி ஏறுச்சு, கோச்சே எந்திரிச்சு ஜன்னலுக்கு வந்து ஆத்துல காசு போட்டு கும்புடுது, நானும் போட்டேன், அவன் மட்டும் கைய கட்டிட்டு நிக்கறான். "நீ போடலயாடா"ன்னேன். "எங்க ஆத்துக்கு ஏற்கனவே நெறைய குடுத்தாச்சுங்க்கா"ன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, பக்கத்துல முறுக்கு இருந்துச்சு, எடுத்து நீட்டினேன்.

நான் குவாஹாட்டில எறங்கணும், அவன் இன்னும் தாண்டி மரியானி. எறங்கறதுக்கு முன்னாடி அவனோட சம்பள கவர கிழிச்சு பின்பக்கம் அஸ்ஸாமீஸ்ல ரெண்டு வரி எழுதி, "ஆட்டோக்காரன்ட்ட இத காட்டுங்க்கா, பேசாதீங்க, பேசினா வெல ஏத்துவான்"னு குடுத்தான். காட்டினேன். ஆட்டோக்காரர் படிச்சாரு, என்ன மேலயும் கீழயும் பாத்தாரு, ஒரே ஒரு தொகை சொன்னாரு, அது நியாயமான காசுதான், நேரா காமாக்யா கோயில் நீலாச்சல் மலை அடிவாரத்துல கொண்டு போயி விட்டாரு. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் யாரையும் படிச்சு காமிக்க சொல்லல, கவர் வீட்ல எங்கயோ இருக்கு.

அதனால பாஷைக்காக போகாம இருக்காதீங்க. அங்க பேச தமிழ் தெரிஞ்ச பையன் கெடைப்பான், ஏன்னா நாம அவன் ஊருக்கு போறதுக்கு முன்னாடியே அவன் நம்ம ஊருக்கு வந்து வேல பாத்துட்டிருக்கான். நம்ம தெருவுலயே பரோட்டா கடைல நிக்கற பையன்கிட்ட "உன் ஊர்ல என்னடா பாக்கலாம்"னு இதுவர ஒரு தடவையாவது கேட்டிருக்கோமா? கெளம்பறதுக்கு முன்னாடி அங்கேர்ந்து ஆரம்பிங்க.

கேள்வி: பஸ்ல ட்ரெயின்ல நல்லா பேசிட்டே வர்றாங்க, வடைய பாதி பிச்சு குடுக்கறாங்க, திடீர்னு "தம்பி நீங்க என்ன ஆளுங்க"ன்னு கேட்டுடறாங்க. அதோட மூடே போயிருது. என்ன பதில் சொல்றது? (விழுப்புரம்)

பதில்: நேரா கேக்கறவங்க பரவால்ல தம்பி, "சொந்த ஊர் எது, ஊர்ல எந்த தெரு, கொலசாமி எது"ன்னு சுத்தி வளைச்சு வர்றவங்கதான் ஆபத்து. நான் "ரிசர்வேஷன் எடுத்த ஆளுங்க"ன்னு டிக்கெட்ட காட்டுவேன், பாதி பேர் சிரிச்சுட்டு விட்ருவாங்க, மீதி பேருக்கு முகம் மாறிடும், மாறட்டும். உனக்கு அப்டி சிரிச்சுக்கிட்டே சொல்ல தோணலன்னா சொல்ல வேண்டியதில்ல. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல, "அத எதுக்குங்க கேக்கறீங்க"ன்னு நிதானமா கேட்டுட்டு அவரு மொகத்தையே பாரு. அவரு தடுமாறுவாரு. அந்த தடுமாற்றத்த நீ போயி சரி பண்ணாத, அது அவரோடது. பாதி வடைய திருப்பி குடுக்கணும்னும் அவசியம் இல்ல.

முகம் தெரியாதவங்க எல்லாரும் தங்கம்னு எழுதறவங்கள நான் நம்பறதில்ல. இந்த பக்கத்துக்கு வந்த கடுதாசிகள்ல "எல்லாரும் ஒண்ணா மண்ணா பழகினோம்"னு எழுதினவங்க நெறைய பேரு யாரும் அவங்கள அந்த கேள்வி கேக்க தேவையில்லாத எடத்துல இருக்கறவங்களாதான் தெரியுது.

கேள்வி: என் பொண்ணு மாசம் ஒரு ஊர்னு தனியா கெளம்பிடறா. போற எடத்துல எல்லார்கிட்டயும் பேசறா, குடுத்தத வாங்கி சாப்டறா. பிஸ்கெட்ல மயக்க மருந்து குடுத்து திருடறாங்கன்னு ஸ்டேஷன்ல மைக்லயே சொல்றாங்களே, எனக்கு தூக்கமே இல்லங்க. (திருச்சி)

பதில்: மைக்ல சொல்றது நெஜம்தாங்க, அத பொண்ணு காமெடியா எடுத்துக்கக் கூடாது. நான் வெச்சிருக்கற கணக்கு இதுதான்: விக்கறவங்ககிட்ட என் கண்ணு முன்னாடி வாங்கினதுன்னா வாங்கிப்பேன், ஒரே டப்பாலேர்ந்து அவங்க பிள்ளைங்களும் சாப்ட்டுட்டு இருந்தா வாங்கிப்பேன், தனியா இருக்கற ஆள் எனக்குன்னு தனியா எடுத்து குடுத்தா வேண்டாம்பேன். வேண்டாம்னு சொல்லவும் ஒரு வழி இருக்கு, "இன்னிக்கு வெரதங்க"ன்னு சொல்லிட்டா இந்தியாவுல எந்த மூலைலயும் யாரும் கோச்சுக்க மாட்டாங்க, ரெண்டு வாழப்பழத்த வேணா நீட்டுவாங்க. தோலோட இருக்கற பழம் பரவால்ல, வாங்கிக்கலாம்.

சாப்பாட்ட விட பேச்ச கவனிக்க சொல்லுங்க. நல்லவங்க பேச்சு நம்மகிட்டேர்ந்து ஆரம்பிச்சு கடசில அவங்க மருமகள்ட்ட போயி நிக்கும். எவ்ளோ நேரம் ஆனாலும் பேச்சு உங்க பொண்ணோட ரூம், எந்த ஓட்டல், யார் வர்றாங்க, தனியாவா இருக்க, இதையே சுத்தி சுத்தி வந்துச்சுன்னா எந்திரிச்சு வேற எடத்துக்கு போயிரணும், மரியாத எல்லாம் பாக்க வேண்டாம். "எறங்கற எடத்துல எங்கண்ணன் நிக்கறாரு"ன்னு ஒரு அண்ணன எப்பவும் ஸ்டேஷன்ல நிக்க வெச்சிருக்கட்டும், நானும் ஒருத்தர பல வருஷமா நிக்க வெச்சிருக்கேன், பாவம் கால் வலிக்கும் அவருக்கு.

ரயில்ல எதுனாலும் 139, டிடிஇ வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தனியா போற பொண்ணுங்களுக்குன்னே ரயில்வே பாதுகாப்பு படைல "மேரி சஹேலி"ன்னு 2020லேர்ந்து ஒண்ணு நடத்தறாங்க, பெண் போலீஸ் வந்து சீட் நம்பர குறிச்சுக்கிட்டு வழியில விசாரிப்பாங்க, அவங்க வந்தா பேச சொல்லுங்க. வெளியில 112, பெண்களுக்கு 181. போன்ல லொகேஷன் ஷேர் பண்ண சொல்லுங்க, பண்ணினதுக்கு அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கூப்டாதீங்க, அது அவ சார்ஜையும் தீத்துரும் உங்க தூக்கத்தையும் கெடுக்கும்.

கேள்வி: மேடம், டெல்லி ஏர்போர்ட்ல ஃப்ளைட் லேட். பக்கத்துல உக்காந்திருந்த ஒருத்தர்கிட்ட என் கடன், எங்கப்பாகிட்ட பல வருஷமா பேசாம இருக்கறது எல்லாத்தையும் கொட்டிட்டேன். என் மனைவிக்கே அதுல பாதி தெரியாது. அப்புறம் ஃப்ளைட்ல உக்காந்து ரொம்ப குற்ற உணர்ச்சியா போச்சு. ஏன் அப்டி பண்ணேன்? (சென்னை)

பதில்: அவரு உங்க வீட்டு விசேஷத்துக்கு வர மாட்டாரு, அதான். 1908ல கெயோர்க் சிம்மல்னு ஒரு ஜெர்மன்காரர் இதையே எழுதியிருக்காரு, நெருங்கினவங்ககிட்ட பொத்தி பொத்தி மறைக்கறத மனுஷன் வெளியாள்கிட்ட சர்வசாதாரணமா சொல்லிருவான்னு. நீங்க உக்காந்திருந்த மாதிரியான எடத்துலயே இத சோதிச்சும் பாத்திருக்காங்க. 1975ல வந்த ஆராய்ச்சி, ஸிக் ரூபின்னு ஒரு மனோதத்துவக்காரர், பாஸ்டன் ஏர்போர்ட்ல காத்திருந்தவங்ககிட்ட மாணவர்கள அனுப்பினாரு. கையெழுத்து மாதிரி வேணும்னு சொல்லிட்டு, மொதல்ல மாணவன் தன்னப் பத்தி எழுதினத காட்டுவான், அப்புறம் இவங்கள எழுத சொல்லுவான். அவன் எவ்ளோ மனசு விட்டு எழுதினானோ அந்த அளவுக்கு இவங்களும் எழுதினாங்களாம், ஆனா ஒரு எல்ல வரைக்கும்தான், ரொம்ப அந்தரங்கமா போனப்ப "இவனுக்கு என்ன வேணும்"னு சந்தேகம் வந்து பின்வாங்கிட்டாங்க.

உங்க விஷயத்துல பின்வாங்கல, ரெண்டு பேருமே. அதனால அவருக்கு பிரச்சன இல்ல. குற்ற உணர்ச்சி வர்றது அவர்கிட்ட சொன்னதுக்கா, வீட்ல சொல்லாததுக்கா? கடன் விஷயம் மனைவிக்கு தெரிஞ்சே ஆகணும் சார், அது அவங்க தலையிலயும்தான் விழும். ஒரு தடவ வாய்விட்டு சொல்லிட்டீங்க, வார்த்தையெல்லாம் ரெடியா இருக்கு, ரெண்டாவது தடவ இவ்ளோ கஷ்டமா இருக்காது. அப்பா விஷயம் உங்க இஷ்டம்.

கேள்வி: வழியில பாக்கறவங்கள வீடியோ எடுத்து போடறேன், நல்ல வியூஸ் வருது. ஒரு டீக்கடை தாத்தா வீடியோ செம ஹிட்டு. தப்பா? (பெங்களூரு)

பதில்: தாத்தாகிட்ட கேட்டீங்களா? "போட்டோ எடுக்கட்டுமா"ன்னு கேட்டது வேற, "லட்சம் பேருக்கு காட்டட்டுமா"ன்னு கேக்கறது வேற. ரெண்டாவத கேட்டிருந்தா சரி.

கேள்வி: எங்க மாமா "தனியா போறது, கண்டவனோட பேசறது எல்லாம் வெள்ளக்காரன் ஃபேஷன், நம்ம பண்பாட்டுல கெடையாது"ங்கறாரு. பதிலடி வேணும் அக்கா! (செங்கம்)

பதில்: செங்கத்துல உக்காந்துக்கிட்டா மாமா இத சொல்றாரு! பத்துப்பாட்டுல மலைபடுகடாம்னு ஒண்ணு இருக்கு, 583 அடி, பெருங்கௌசிகனார் எழுதினது, அது முழுக்க உங்க ஊர ஆண்ட நன்னன்கிட்ட போற வழிதான். பரிசு வாங்கிட்டு திரும்பற ஒரு கூத்தர், வழியில பசியோட எதிர்ல வர்ற முன்ன பின்ன தெரியாத கூத்தர்கள நிறுத்தி, இப்டி போ, இந்த எடத்துல பாத்து போ, இங்க பள்ளம், இங்க பாம்புன்னு ஒண்ணொண்ணா சொல்லி அனுப்பறாரு. மலையில இருக்கறவங்க வீடு வந்தா தயங்கி நிக்காதீங்க, சொந்த வீட்டுக்குள்ள போற மாதிரி போங்க, அவங்க சொந்தக்காரங்க மாதிரி பேசி நெய்யில வெந்த கறியும் தினச்சோறும் போடுவாங்கன்னு கூட வருது. வழிப்போக்கன் வழிப்போக்கனுக்கு வழி சொல்றத ஒரு இலக்கிய வகையாவே வெச்சிருந்தவங்க நாம, ஆற்றுப்படைன்னு அஞ்சு பாட்டு அதுலயே இருக்கு. நேர்மையா சொல்லணும்னா அவங்க தனியா போகல, குடும்பத்தோட கூட்டமா போனாங்க. அத மாமாகிட்ட சொல்லாத.

கேள்வி: அக்கா, போன சீசன் நான் தனிய சிவனொளிபாதமலைக்குப் போனனான். ஹற்றன்ல இறங்கி நல்லதண்ணி போய் இரவு ஏறத் தொடங்கினன். பாதிவழியில முழங்கால் பிடிச்சிட்டுது, படியிலயே இருந்திட்டன். மகள், பேரப்பிள்ளையளோட வந்த ஒரு சிங்கள ஆச்சி ஒண்டுமே கேக்கேல்ல, பையில இருந்து சித்தாலேப தைலம் எடுத்து என்ர முழங்கால்ல பூசி விட்டவா. எனக்குச் சிங்களம் மட்டுமட்டு, அவாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பிறகு விடியுமட்டும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் ஏறினவா. மேல சனத்துக்குள்ள துலைச்சுப் போட்டன். பேரும் கேக்கேல்ல. அவாவை எப்பிடித் தேடிப் பிடிக்கிறது? (யாழ்ப்பாணம்)

பதில்: தேட வேண்டாம்மா. ஃபேஸ்புக்ல "இந்த ஆச்சிய தெரியுமா"ன்னு போடலாம்னு யாராவது சொல்லுவாங்க, போட்டா ஆச்சி கெடைக்க மாட்டாங்க, கீழ கமெண்ட்ல சண்டை மட்டும்தான் கெடைக்கும், உங்க நாட்டுலயும் எங்க நாட்டுலயும் அதுக்கு ஆள் இருக்கு. அந்த மலைய பௌத்தர்கள் புத்தர் பாதம்கறாங்க, நாம சிவன் பாதம்கறோம், முஸ்லிம்களும் கிறிஸ்தவங்களும் ஆதாம் பாதம்கறாங்க, வருஷா வருஷம் அத்தன பேரும் ஒரே படியில இருட்டுல ஏறி எறங்கறாங்க. ஏறறவங்களும் எறங்கறவங்களும் ஒருத்தருக்கொருத்தர் "கருணாவய்"னு சொல்லிப்பாங்களே, ஆச்சி அத சொன்னாங்களான்னு நீ எழுதல.

மேல மணி அடிச்சியா? எத்தன தடவ ஏறியிருக்கமோ அத்தன தடவ அடிக்கறது வழக்கம், ஆச்சி நிச்சயம் நெறைய அடிச்சிருப்பாங்க, இருட்டுல அந்த வயசுல பேரப்பிள்ளைகள கூட்டிட்டு ஏறறவங்க மொத தடவைக்காரங்களா இருக்க முடியாது. சீசன் டிசம்பர் பௌர்ணமிலேர்ந்து மே மாசம் வெசாக் வரைக்கும். திரும்ப போகணும்னு தோணினா ஆச்சிய பாக்கறதுக்குன்னு போகாத, மலைக்குன்னு போ, முழங்கால் பட்டை ஒண்ணு வாங்கி போட்டுக்கோ, எறங்கறதுதான் ஏறறத விட முழங்கால பதம் பாக்கும். பையில ஒரு சித்தாலேப இருக்கட்டும்.

கேள்வி: சகோதரிக்கு வணக்கம். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், வயது 68. மனைவி தவறி ரெண்டு வருஷம் ஆகிறது. இருவருமாகக் காசிக்குப் போவதாக இருந்தோம். இப்போது தனியாகப் போகலாமா என்று நினைக்கிறேன். பையன் "நானும் வர்றேன்"கிறான், டூர் பேக்கேஜில் அனுப்புகிறேன் என்கிறான். எனக்கு இரண்டிலும் இஷ்டமில்லை. அங்கே போய் யாருமில்லாமல் உட்கார்ந்திருப்பேனோ என்றும் பயமாக இருக்கிறது. (கும்பகோணம்)

பதில்: சார் வணக்கம். தனியாவே போங்க. பேக்கேஜ்ல போனா காலைல 4 மணிக்கு எழுப்பி விட்டு ரெண்டு நாள்ல காசி, கயா, பிரயாக்ராஜ் எல்லாம் காட்டி முடிச்சு பஸ்ல தள்ளி விட்ருவாங்க, அழறதுக்கு கூட நேரம் இருக்காது. பையனோட போனா அவன் உங்களுக்கு துணையா இருக்கணும்னு பாப்பான், நீங்க அவனுக்கு பாரமா இல்லன்னு காட்டிக்கணும்னு பாப்பீங்க, ரெண்டு பேருக்கும் கஷ்டம்.

யாருமில்லாம உக்கார்ற ஊரே இல்ல சார் அது. நாட்டுக்கோட்ட நகரத்தார் சத்திரம் 1813லேர்ந்து அங்க இருக்கு, தங்கறதுக்கு முன்கூட்டியே எழுதி கேட்டுக்குங்க. அங்கேர்ந்து விசுவநாதருக்கு தெனமும் பூஜை சாமான் தூக்கிட்டு "சம்போ, சம்போ"ன்னு குரல் குடுத்துக்கிட்டே சந்துல போவாங்க, பின்னாடியே நடந்து போங்க. அனுமன் காட்ங்கற படித்துறை பக்கத்துல பாரதியார் அத்த வீடு, 1898லேர்ந்து 1902 வரைக்கும் அங்க இருந்துதான் படிச்சாரு, இப்ப 2022லேர்ந்து அங்க ஒரு நினைவிடம் இருக்கு. கொஞ்சம் தள்ளி கேதார் காட் படித்துறைல குமரகுருபரர் மடம். அந்த ரெண்டு படித்துறைக்கும் நடுவுல தமிழ் பேசற படகுக்காரர், பூக்காரம்மா, பூசை பண்ணி வெக்கறவங்க எல்லாம் இருக்காங்க, நீங்க வேட்டில வர்றத பாத்தாலே "வாங்க சாமி, எந்த ஊரு"ன்னு வந்துருவாங்க. அவங்க யாவாரத்துக்குதான் கேக்கறாங்க, அதுல சந்தேகமே வேண்டாம், படகுக்கு மொதல்லயே ரேட்டு பேசிக்குங்க, சங்கல்பத்துக்கு எவ்ளோன்னு உக்கார்றதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. யாவாரத்துக்கு கேட்டாலும் கும்பகோணம்னு சொன்னதும் அவரு தாத்தா கும்பகோணத்துல எந்த தெருன்னு ஆரம்பிப்பாரு, அதுக்கு காசு கெடையாது.

அங்க சாயங்காலம் படிக்கட்டுல உக்காந்திருக்கறவங்கள பாருங்க, முக்கால்வாசி பேரு யாரையோ விட்டுட்டு வந்தவங்கதான். தெலுங்குக்காரங்க, மராட்டிக்காரங்க, நேபாளத்துலேர்ந்து வர்றவங்க. பக்கத்துல போயி உக்காந்தா "யாரு"ன்னு அவங்க கேக்கறது நம்ம பேர இல்ல, யாருக்காக வந்திருக்கோம்கறத. மனைவின்னு சொல்லுவீங்க, அவங்க தலைய ஆட்டிட்டு அவங்க கதைய சொல்லுவாங்க. உங்க பையன்கிட்ட, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இந்த ரெண்டு வருஷமா "நான் நல்லா இருக்கேன்"னு சொல்லிட்டு இருந்திருப்பீங்க, ஹெட்மாஸ்டர் வேற. அங்க அத சொல்ல வேண்டிய அவசியம் வராது.

பையனுக்கு தெனமும் ராத்திரி ஒரு போன் போட்டுருங்க. சந்துல மாடு வரும், வழுக்கும், செருப்புல நல்ல பிடி இருக்கணும். டிசம்பர், ஜனவரில குளிர் நெஜமாவே கடுமை, பனிமூட்டத்துல ரயில் மணிக்கணக்கா லேட் ஆகும், அதனால பிப்ரவரி கடசி இல்ல அக்டோபர், நவம்பர் பாத்துக்குங்க. சிவராத்திரியும் கார்த்திகை பௌர்ணமியும் மட்டும் வேண்டாம், ஊர்ல நிக்க எடம் இருக்காது.